ராஜியும் எபிக்கும்: ஒரு கடைச்சண்டையின் வரலாறு

புனேயில் நோடிங் ஹெட்ஸ் கேம்ஸ் என்று ஒரு சின்ன கம்பெனி இருக்கிறது. அவர்கள் செய்த கம்ப்யூட்டர் விளையாட்டின் பெயர் 'ராஜி'. அசுரர்கள் தூக்கிக்கொண்டு போன தம்பியைத் தேடிப் போகிற ஒரு பெண்ணின் கதை. துர்கையும் விஷ்ணுவும் கூடவே பேசிக்கொண்டு கதை சொல்வார்கள். ராஜஸ்தான் அரண்மனை, பஹாடி ஓவியம், நிழல் பொம்மலாட்டம் என்று முழுக்க நம்ம ஊர்ச் சரக்கு.

2020 ஆகஸ்ட் 18-ல் வெளியானது. எங்கே? நின்டெண்டோ ஸ்விட்ச் பெட்டியில் மட்டும். அந்தப் பெட்டியை நின்டெண்டோ அப்போது இந்தியாவில் நேரடியாக விற்கவே இல்லை! கோத்ரூடிலோ ஹடப்சரிலோ வீட்டில் கம்ப்யூட்டர் வைத்திருந்த பையன், தன் ஊர்க்காரர்கள் செய்த ஆட்டத்தை ஆட அக்டோபர் 15 வரை காத்திருந்தான். அன்றைக்குத்தான் பிசிக்கு வந்தது.

இதற்குப் பெயர் எக்ஸ்க்ளூசிவ். இந்தச் சரக்கு இந்தக் கடையில் மட்டும்தான் என்கிற ஏற்பாடு. நான் காமர்ஸ் படித்தவன், பாங்க்கில் குப்பை கொட்டுகிறவன். ஆட்டத்தை விட அதன் பின்னால் இருக்கிற கணக்குதான் எனக்கு சுவாரசியம். அந்தக் கணக்கு பிசி கடைகளில்தான் நன்றாகத் தெரியும். அங்கே போவோம்.

2003 செப்டம்பரில் வால்வ் என்கிற அமெரிக்க கம்பெனி 'ஸ்டீம்' ஆரம்பித்தது. அடுத்த வருடம் நவம்பரில் அவர்களுடைய 'ஹாஃப்-லைஃப் 2' வந்தது. கடையில் டிஸ்க் வாங்கியிருந்தாலும் ஸ்டீம் இல்லாமல் ஓடாது என்றார்கள். ஜனங்கள் திட்டித் தீர்த்தார்கள். ஆனாலும் போட்டுக்கொண்டார்கள். இன்றைக்கு மற்ற கடைகளின் எக்ஸ்க்ளூசிவைக் கண்டிக்கிறவர்கள் இதைக் கவனிக்க வேண்டும்: அந்தப் பெரிய கடை எழும்பியதே ஒரு கட்டாயத்தின் மேல்தான்.

பிறகு வெளியார் சரக்கும் வந்தது. கமிஷன் 30%. 2011-ல் ஈ.ஏ. கம்பெனி 'ஒரிஜின்' என்று தனிக்கடை போட்டு, தன் புது ஆட்டங்களை ஸ்டீமுக்குக் கொடுப்பதை நிறுத்தியது. 2019-ல் திரும்பி வந்தது. அதே 2019-ல் வெளியே போன யூபிசாஃப்ட், 2022 கடைசியில் திரும்பி வந்தது. தனிக்கடை போட்ட பெரிய முதலாளிகளே மறுபடி பழைய சந்தைக்கு மூட்டையோடு வந்து உட்கார்ந்தார்கள்.

இடையில் 2018 டிசம்பரில் 'எபிக்' கடை திறந்தது. கமிஷன் 12% மட்டும். ஆயிரம் ரூபாய் ஆட்டம் ஒன்று விற்றால் ஸ்டீமில் செய்தவருக்கு 700, எபிக்கில் 880. எபிக் திறப்பதற்குச் சில நாள் முன்னால் ஸ்டீமும் இறங்கி வந்தது. ஆனால் யாருக்கு? ஒரு கோடி டாலருக்கு மேல் விற்றால் மேற்கொண்டு விற்பதில் 25%, ஐந்து கோடியைத் தாண்டினால் 20%. சின்னவனுக்கு அதே 30.

கமிஷன் குறைந்தால் வியாபாரிக்கு லாபம். வாடிக்கையாளர் ஏன் கடை மாற வேண்டும்? இது எபிக்குக்கும் தெரியும். அதனால் சரக்கையே மொத்தமாகப் பிடித்தார்கள். 'மெட்ரோ எக்ஸோடஸ்' ஸ்டீமில் முன்பதிவு நடந்துகொண்டிருந்த ஆட்டம். 2019 பிப்ரவரி 15 ரிலீஸ். இரண்டரை வாரம் இருக்கும்போது, இனி ஒரு வருடம் எபிக்கில் மட்டும் என்று அறிவிப்பு! முன்பே பதிந்தவர்கள் தப்பித்தார்கள். மற்றவர்கள் கொதித்தார்கள்.

இதற்குக் கொடுத்த விலை 2021-ல் எபிக்குக்கும் ஆப்பிளுக்கும் நடந்த வழக்கில் வெளியே வந்தது. 'பார்டர்லேண்ட்ஸ் 3' ஒன்றுக்கு மட்டும் 14.6 கோடி டாலர். 2020-க்கு மொத்தம் 44.4 கோடி டாலர் மினிமம் கியாரண்டி. இந்த வார்த்தை கோடம்பாக்கத்தில் புழங்குகிற அதே எம்.ஜி.தான். படம் ஓடுதோ இல்லையோ, விநியோகஸ்தர் முன்பணம் கொடுத்துவிட வேண்டும். ஓடாவிட்டால் நஷ்டம் அவருக்கு.

செய்கிறவர் பக்கம் இருந்து பார்த்தால் இதில் நியாயம் இருக்கிறது. பாதி செய்த ஆட்டத்தை அடமானமாக வைத்து எந்த பாங்க்கும் கடன் தராது. நாங்கள் கேட்பது நிலம், கட்டடம், இல்லாவிட்டால் டெபாசிட். ராஜிக்கு 2017-ல் கிக்ஸ்டார்ட்டரில் பொதுமக்களிடம் பணம் திரட்டப் பார்த்தார்கள், இலக்கு எட்டவில்லை. பிறகு ஒரு பப்ளிஷர் கிடைத்து, ஆட்டம் வெளியாகி, 2020 கேம் அவார்ட்ஸில் சிறந்த முதல் படைப்புக்கான பட்டியலிலும் இடம் பிடித்தது. இப்படிப்பட்டவர்களுக்கு முன்பணம் என்பது சோறு. கடைக்காரர் நிபந்தனை போட்டால் மறுக்க முடியுமா?

ஆனால் வாங்குகிறவருக்கு என்ன கிடைத்தது? எபிக் வாராவாரம் இலவச ஆட்டம் கொடுத்தது. 2020 மே மாதம் ஜிடிஏ 5 இலவசம் என்றதும் கூட்டம் தாங்காமல் சைட்டே படுத்துவிட்டது. ஆனால் பல சாமானைச் சேர்த்து ஒரே பில் போட ஒரு கூடை கிடையாது. அது 2021 டிசம்பரில்தான் வந்தது, கடை திறந்து மூன்று வருடம் கழித்து :-)

அதை விடப் பெரிய விஷயம் வேறு. ஸ்டீமில் பத்து வருடமாக வாங்கிச் சேர்த்த ஆட்டங்களை எபிக்குக்குக் கொண்டு போக முடியாது. அங்கே வாங்கியதை இங்கே கொண்டு வரவும் முடியாது. அலமாரி நம்முடையது மாதிரி தெரியும். சாவி கடைக்காரரிடம்.

எங்கள் தொழிலிலும் இது உண்டு. வீட்டுக்கடனை வேறு பாங்க்குக்கு மாற்றப் போனால் முன்கூட்டி அடைப்பதற்கு அபராதம் கேட்பார்கள். 2012 ஜூனில் ரிசர்வ் பாங்க் ஃப்ளோட்டிங் வட்டி வீட்டுக்கடனுக்கு அதை ஒழித்தது. செல்போனில் நம்பர் மாறாமல் கம்பெனி மாறும் வசதி 2011 ஜனவரியில் நாடு முழுக்க வந்தது. பாங்க்கும் செல் கம்பெனியும் முன்பே நிறைய இருந்தன. வாடிக்கையாளர் தன் சாமானோடு வெளியே போக வழி கிடைத்த பிறகுதான் நிஜப் போட்டி.

விளையாட்டுக் கடைகளில் அந்த வழி இன்னும் திறக்கவில்லை. கமிஷன் பக்கம் நகர்ந்தது உண்மை. மைக்ரோசாஃப்ட் 2021 ஆகஸ்டில் பிசி ஆட்டங்களுக்கு 12% ஆக்கியது. எபிக் 2025 ஜூனிலிருந்து வருடத்துக்கு முதல் பத்து லட்சம் டாலர் வரை கமிஷனே இல்லை என்றது. சின்ன கம்பெனிகளுக்கு இது நல்ல காலம். வாங்குகிறவருக்கு அந்தக் காலம் வர, கடைகள் எண்ணிக்கை கூடினால் போதாது. அலமாரிச் சாவி கைக்கு வர வேண்டும்.