சத்தமே இல்லாத எழுத்துக்கு முதலிடம் ஏன்? ஹீப்ருவின் 'ஆலெஃப்' பற்றி யூத மரபு சொல்வது என்ன?

ஒரே ஒரு எழுத்தை அழித்தால் போதும், 'உண்மை' என்ற சொல் 'இறந்தவன்' என்று மாறிவிடும். ஹீப்ரு மொழியில் அப்படி ஓர் எழுத்து இருக்கிறது. அதுதான் ஆலெஃப். 22 எழுத்துகளில் இதுவே முதல் எழுத்து. ஆனால் இதற்கென்று தனி சத்தம் கிடையாது.

சத்தம் இல்லையா, எப்படி?

பழங்காலத்தில் தொண்டையை லேசாக அடைத்துத் திறக்கும் ஒலி இதற்கு இருந்தது. இன்றைய பேச்சில் பெரும்பாலும் அதுவும் மறைந்துவிட்டது. கூட வரும் உயிர் ஒலி மட்டுமே காதில் விழும். மொழி ஆய்வாளர்களுக்கு இது சாதாரண ஒலி மாற்றம். யூத ஞானிகளோ இந்த மௌனத்துக்குள் ஆழமான பொருளைத் தேடினார்கள்.

26 என்ற கணக்கு

ஹீப்ருவில் ஒவ்வொரு எழுத்துக்கும் ஓர் எண் மதிப்பு உண்டு. சொற்களை இப்படி எண்ணாக்கிப் பொருள் தேடும் முறைக்கு 'கெமாத்ரியா' என்று பெயர். ஆலெஃபின் மதிப்பு 1. அதனால் இது ஒரே கடவுளைக் குறிப்பதாகச் சொல்வார்கள்.

எழுத்தின் வடிவத்திலும் ஒரு கணக்கு இருக்கிறது. நடுவில் சாய்ந்த கோடு 'வாவ்', மதிப்பு 6. மேலே ஒன்று, கீழே ஒன்று என இரண்டு 'யோத்', மதிப்பு தலா 10. கூட்டினால் 26. யூதர்கள் வாய்விட்டு உச்சரிக்காத, நான்கு எழுத்து கொண்ட கடவுளின் பெயருக்கும் மதிப்பு 26தான். மேலே இருப்பது விண், கீழே இருப்பது மண், நடுக்கோடு இரண்டையும் இணைக்கும் பாலம் என்பது ஒரு விளக்கம்.

முதல் எழுத்துக்கே வந்த வருத்தம்

யூதர்களின் புனித நூலான தோரா ஆலெஃபில் தொடங்கவில்லை. இரண்டாம் எழுத்தான 'பெத்'தில்தான் தொடங்குகிறது. 'முதல் எழுத்து நான், என்னை விட்டுவிட்டீர்களே' என்று ஆலெஃப் 26 தலைமுறைகள் கடவுளிடம் முறையிட்டதாக ஒரு பழைய மித்ராஷ் கதை உண்டு. சினாய் மலையில் கொடுக்கப்போகும் பத்துக் கட்டளைகளை உன்னை வைத்தே தொடங்குவேன் என்று கடவுள் ஆறுதல் சொன்னாராம். அந்தக் கட்டளைகளின் முதல் சொல் 'அனோகி', அதாவது 'நான்'. அது ஆலெஃபில்தான் தொடங்குகிறது.

சின்னதாக எழுதப்படும் ஆலெஃப்

தோராவின் மூன்றாம் நூலான லேவியராகமத்தின் முதல் சொல் 'வயிக்ரா', அதாவது 'அழைத்தார்'. கடவுள் மோசேயை அழைத்ததைச் சொல்லும் இடம் அது. அந்தச் சொல்லின் கடைசியில் வரும் ஆலெஃபை, கையால் எழுதும் தோரா சுருள்களில் இன்றும் சிறிதாகவே எழுதுகிறார்கள். தன்னைப் பெரிதாகக் காட்டிக்கொள்ள மோசே விரும்பவில்லை, அந்தப் பணிவின் அடையாளம் இது என்பது மரபு.

உண்மைக்கும் மரணத்துக்கும் நடுவே

'உண்மை'க்கு ஹீப்ருவில் 'எமெத்' என்று பெயர். ஆலெஃப், மேம், தாவ் என்ற மூன்று எழுத்துகள். வரிசையின் தொடக்கம், நடு, முடிவு என மூன்றும் தள்ளித் தள்ளி நிற்கின்றன. 'பொய்' எனப்படும் 'ஷெக்கெர்' சொல்லின் மூன்று எழுத்துகளோ பக்கத்துப் பக்கத்தில் இருப்பவை. பொய் எளிதில் கிடைக்கும், உண்மையைத் தேடித்தான் பிடிக்க வேண்டும் என்று தல்மூத் இதை விளக்குகிறது.

எமெத்தில் ஆலெஃபை எடுத்துவிட்டால் மிஞ்சுவது 'மெத்', அதாவது இறந்தவன். களிமண்ணால் செய்து உயிரூட்டப்பட்ட 'கோலெம்' என்ற உருவத்தின் கதைகள் சிலவற்றில் இதுதான் உச்சக்கட்டம். அதன் நெற்றியில் 'எமெத்' என்று எழுதியிருக்கும். முதல் எழுத்தை அழித்ததும் அது வெறும் மண்ணாகச் சரிந்துவிடும்.

மக்கள் கேட்டது என்ன?

சினாய் மலையில் மக்கள் நேரடியாகக் கேட்டது 'அனோகி'யின் ஆலெஃபை மட்டுமே என்பது 1815-ல் மறைந்த ரபி மெனாகெம் மெண்டலின் பெயரால் வழங்கும் கருத்து. சத்தமில்லாத எழுத்தைக் கேட்பது எப்படி? பேசுவதற்கு முன் வாய் திறக்கும் அந்த நொடிதான் ஆலெஃப். அதற்குப் பிறகுதான் எல்லாச் சொற்களும் வருகின்றன.