கான்பூரில் மீண்டெழுந்த விமானங்கள்

போரில் பகைவரால் வீழ்த்தப்பட்ட விமானங்களைப் பற்றிப் பல வரலாறுகள் உண்டு. தம்மைச் செலுத்தியவர்களாலேயே நொறுக்கப்பட்டு, பின்னர் வேறொரு நாட்டாரால் உயிர்பெற்ற விமானங்களின் வரலாறு அவ்வளவாக அறியப்படாதது. அது நிகழ்ந்தது நம் நாட்டில்தான். கங்கைக் கரையிலுள்ள கான்பூரிலும், தெற்கே பெங்களூரிலும்.

இரண்டாம் உலகப் போரின்போது அமெரிக்கர் 18,000-க்கும் மேலாகக் கட்டிய குண்டுவீச்சு விமானம் லிபரேட்டர் என்பது. அதற்கு நான்கு எஞ்சின்கள். ஓர் இறக்கையின் நுனியிலிருந்து மற்றதன் நுனிவரை 110 அடி. நெடுந்தூரம் செல்ல வல்லது. பர்மாவில் இருந்த ஜப்பானியப் படைகளைத் தாக்குவதற்காக, இந்தியாவிலிருந்து போரிட்ட பிரிட்டிஷ் விமானப் படைக்கும் இவ்விமானங்கள் கிடைத்தன. ஆனால் அவை விலைக்கு வந்தவையல்ல. அமெரிக்கா 1941-இல் இயற்றிய கடன் குத்தகைச் சட்டத்தின்படி வந்தவை. போர் ஓய்ந்தபின் அவற்றைத் திருப்பியளிக்க வேண்டும். இல்லையேல் எவருக்கும் பயன்படாதவாறு அழித்துவிட வேண்டும்.

1945-இல் போர் முடிந்தது. கடல் கடந்து திரும்ப எடுத்துச் செல்வாரின்றி, லிபரேட்டர்கள் கான்பூரை அடுத்த சகேரி விமான நிலையத்தில் கூட்டமாக நிறுத்தப்பட்டன. பாரமான இயந்திரங்களைக் கொண்டு அவற்றின் உடலை மோதிச் சிதைத்தார்கள்; கருவிகளை உடைத்தார்கள்; எஞ்சின்களுக்குள் மணலைக் கொட்டினார்கள் என்றும் சொல்வதுண்டு. வெயிலும் மழையும் எஞ்சிய அழிவு வேலையைச் செய்தன.

1947-இல் நாடு விடுதலை பெற்றது. காஷ்மீரில் போர் மூண்டிருந்த அந்நாளில், நமது விமானப் படையிடம் கனரகக் குண்டுவீச்சு விமானம் ஒன்றுகூட இல்லை. புதியன வாங்குவதோ பெருஞ்செலவு. ஆகவே, சகேரியில் கிடந்த சிதைவுகளின் மேல் அரசின் பார்வை விழுந்தது. அவற்றைச் செப்பனிடும் பணி பெங்களூரிலிருந்த ஹிந்துஸ்தான் விமானத் தொழிற்சாலையிடம் ஒப்படைக்கப்பட்டது.

இத்துணிவு வெறும் ஆர்வத்தால் பிறந்ததன்று. 1940-இல் வால்சந்த் ஹீராசந்த் என்ற தொழிலதிபர் மைசூர் அரசின் துணையோடு தொடங்கிய அத்தொழிற்சாலை, 1943 முதல் போர் முடியும்வரை அமெரிக்க விமானப் படையின் பொறுப்பில் இயங்கியது. போர்க்களத்திலிருந்து வந்த அமெரிக்க விமானங்களைப் பிரித்து, பழுது நீக்கி, மீண்டும் பூட்டிய அனுபவம் நம் தொழிலாளருக்கு அங்கே வாய்த்தது. யாரிடம் கற்றார்களோ, அவர்கள் நாட்டு விமானத்தின் மீதே அக்கல்வியைப் பயன்படுத்த இப்போது காலம் வந்தது.

1948-இல் கான்பூரில் வேலை தொடங்கியது. சிதைவு குறைந்தவற்றைத் தேர்ந்தெடுத்தார்கள். ஒன்றில் இல்லாத உறுப்பை மற்றொன்றிலிருந்து கழற்றிப் பொருத்தினார்கள். கிழிந்த அலுமினியத் தகடுகளுக்கு ஒட்டுப் போட்டு ரிவெட் ஆணி அடித்தார்கள். சகேரியில் முழுமையாகப் புதுப்பிக்க இயலாது. பெங்களூர்வரை ஒரே ஒருமுறை பறந்தால் போதும் என்ற அளவுக்கே அங்கே செப்பனிட்டார்கள். அந்நிலையில் அவற்றை ஏறத்தாழ 1,500 கிலோமீட்டர் ஓட்டிச் சென்றவர், தொழிற்சாலையின் சோதனை விமானி ஜம்ஷெட் முன்ஷி. நொறுக்கப்பட்டு, ஒட்டுப் போடப்பட்ட விமானத்தில், ஒருமுறையன்று, மீண்டும் மீண்டும் அவர் ஏறினார் என்பதை நினைத்துப் பார்க்க வேண்டும். தரையில் வேலை செய்தவர்களின் கைத்திறனை நம்பித் தம் உயிரையே அவர் ஒப்படைத்தார்.

பெங்களூரில் முழுமையாகப் புதுப்பிக்கப்பட்ட விமானங்களைக் கொண்டு, 1948 நவம்பரில் விமானப் படையின் ஐந்தாவது ஸ்குவாட்ரன் அமைக்கப்பட்டது. ஏறத்தாழ நாற்பது லிபரேட்டர்கள் இவ்வாறு மீட்கப்பட்டன. பின்னாளில் ஆறாவது ஸ்குவாட்ரன் அவற்றைக் கடற்காவலுக்குப் பயன்படுத்தியது. 1968-இல் அவை ஓய்வு பெற்றன.

ஓய்வுக்குப் பிறகும் அவற்றின் வாழ்வு முடியவில்லை. லிபரேட்டர்களைக் கட்டிய நாட்டிலேயே அவை அரிதாகிவிட்டன. கனடாவுக்கும், பிரிட்டனுக்கும், அமெரிக்காவின் அரிசோனாவுக்கும் இந்தியாவிலிருந்தே காட்சிசாலை விமானங்கள் சென்றன. 1944-இல் டெக்சஸில் கட்டப்பட்டு, கான்பூரில் கைவிடப்பட்டு, நம்மவரால் மீட்கப்பட்ட ஒரு விமானம், 1981-இல் இந்தியாவை விட்டு பிரிட்டனுக்கும் பின் அமெரிக்காவுக்கும் சென்றது. அங்கே புதுப்பிக்கப்பட்டு 1989-இல் மீண்டும் வானில் பறந்தது. 1948-இல் நம் தொழிலாளர் அதைக் காப்பாற்றியிராவிட்டால், புதுப்பிக்க அங்கே எதுவும் இருந்திராது.

பழுது பார்ப்பதைச் சிறு தொழிலாக எண்ணுவோர் உண்டு. பிறர் செய்ததைப் பிரித்து அறிந்தவனே தானும் ஒன்றைச் செய்யத் துணிகிறான். 1951-இல் நம் நாட்டிலேயே வடிவமைத்துக் கட்டிய எச்.டி.2 பயிற்சி விமானம் முதன்முறையாகப் பறந்தபோது, அதைச் செலுத்தியவரும் அதே முன்ஷிதான். தில்லி பாலம் விமானப் படைக் காட்சிசாலையில் ஒரு லிபரேட்டர் நிற்கிறது. அதைக் காணச் செல்வோர் அதன் பருமனைக் கண்டு வியப்பதோடு நில்லாமல், அதன் தகடுகளில் வரிசையாக அமைந்த ஆணிகளையும் சற்று உற்று நோக்குவாராக. அவற்றை அடித்த கைகளுக்கும் இவ்வரலாற்றில் பங்கு உண்டு.