விமானப் படிக்கட்டும் வீல்சேரும்

வெளிநாட்டில் இருக்கும் பிள்ளையைப் பார்க்கப் புறப்படும் அம்மா, அப்பாவுக்கு டிக்கெட் போட்ட கையோடு வீல்சேருக்கும் சொல்லிவிடுவது இன்று பல வீடுகளில் வழக்கம். முழங்கால் வலி ஒரு காரணம். துபாயிலோ ஃபிராங்க்ஃபர்ட்டிலோ விமானம் மாறும்போது மொழி புரியாமல் திண்டாடக் கூடாதே என்ற கவலை இன்னொன்று. அந்த நாற்காலி சும்மா வந்துவிடவில்லை. அதற்காகச் சிலர் நீதிமன்றப் படி ஏறியிருக்கிறார்கள்.

தொடக்கத்தில் பயணியைக் கவனித்துக்கொள்வது செவிலியரின் வேலையாக இருந்தது. 1930 மே 15 அன்று, போயிங் ஏர் டிரான்ஸ்போர்ட் விமானத்தில் முதல் பணிப்பெண்ணாக ஏறிய எலன் சர்ச், பயிற்சி பெற்ற நர்ஸ். சான்ஃபிரான்சிஸ்கோ பக்கமிருந்து சிகாகோவுக்கு 20 மணி நேரம். வழியில் 13 இடங்களில் இறங்கி ஏறும். காற்றழுத்தம் சீராக்கப்படாத கேபின், குலுக்கல், வாந்தி. மயங்கியவரைத் தேற்றுவதும் அவர்தான், தரையோடு இருக்கைகள் இறுகியிருக்கின்றனவா என்று பார்ப்பதும் அவர்தான். மாதச் சம்பளம் 125 டாலர். இரண்டாம் உலகப் போர் வந்ததும் நர்ஸ்கள் ராணுவத்துக்குத் தேவைப்பட, அந்தத் தகுதியை நிறுவனங்கள் கைவிட்டன.

விமானம் பெரிதானது. படிக்கட்டும் உயர்ந்தது. நடக்க முடியாதவரை ஏற்றுவதா வேண்டாமா என்பது பெரும்பாலும் அந்தந்த நிறுவனத்தின் விருப்பமாக இருந்தது. துணைக்கு ஆள் இல்லையென்றால் இடமில்லை என்று திருப்பி அனுப்பியதும் உண்டு.

இதை எதிர்த்து நின்றவர்கள், போரில் முதுகுத்தண்டு அடிபட்டுத் திரும்பிய அமெரிக்க வீரர்களின் சங்கத்தினர். அரசின் பணம் பெறுவோர் பாகுபாடு காட்டக் கூடாது என்ற சட்டத்தைக் காட்டி வழக்குப் போட்டார்கள். அரசின் பணம் விமான நிலையங்களுக்குத்தான் போகிறது, விமான நிறுவனங்களுக்கு அல்ல; எனவே அந்தச் சட்டம் நிறுவனங்களைக் கட்டுப்படுத்தாது என்று 1986 ஜூனில் அமெரிக்க உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. வழக்கு தோற்றது. ஆனால் அந்தத் தோல்வியே நாடாளுமன்றத்தை உலுக்கியது: அதே ஆண்டு அக்டோபரில் விமானப் பயண அணுகல் சட்டம் கையெழுத்தானது. 1990இல் விதிகள் வந்தன. நடைபாதை ஓர இருக்கைகளில் பாதிக்காவது கைப்பிடி தூக்கக்கூடியதாக இருக்க வேண்டும் என்றது ஒரு விதி. வீல்சேரிலிருந்து இருக்கைக்கு நகரும்போது அந்தக் கைப்பிடி எவ்வளவு பெரிய தடை என்பது நகர்ந்தவருக்குத்தான் தெரியும். மடக்க முடியாத காலுள்ளவருக்குக் கால் நீட்ட இடமுள்ள இருக்கை உண்டு. வாங்கிய வகுப்புக்குள் மட்டும். மேல் வகுப்புக்கு மாற்றிக் கொடுக்கும் கடமை நிறுவனத்துக்கு அன்றும் இல்லை, இன்றும் இல்லை.

பதிவு செய்யும்போது ஒரு நுணுக்கம் இருக்கிறது. வீல்சேர் கேட்பவர்களை டிக்கெட்டில் மூன்று வகையாகக் குறிப்பார்கள். குறியீடு 'ஆர்' என முடிந்தால் படி ஏறுவார், தூரம்தான் நடக்க மாட்டார். 'எஸ்' என்றால் படியும் ஏற முடியாது. 'சி' என்றால் இருக்கை வரை கொண்டுபோய் உட்கார வைக்க வேண்டும். படி ஏற முடியாத பாட்டிக்கு 'ஆர்' என்று போட்டுவிட்டால், விமானம் தொலைவில் நிற்கும் நாளில் அவர் படிக்கட்டின் அடியில் தவிக்க நேரும்.

ஐரோப்பாவில் இந்த உதவிக்குக் காசு வாங்கியதே வழக்கானது. லண்டன் ஸ்டான்ஸ்டெட்டில் வீல்சேருக்கு 18 பவுண்டு வசூலித்தது சட்டவிரோதம் என்று 2004இல் தீர்ப்பு வந்தது. 2008 ஜூலை முதல் ஐரோப்பிய விமான நிலையங்கள் இலவசமாகவே இந்த உதவியைச் செய்தாக வேண்டும்.

இந்தியாவில் இந்தப் போராட்டத்தின் முகம் கொல்கத்தாவின் ஜீஜா கோஷ். மூளை முடக்குவாதம் உள்ள அவரை 2012இல், கோவா செல்லும் விமானத்தில் உட்கார்ந்த பிறகு இறக்கிவிட்டார்கள். 2016இல் உச்ச நீதிமன்றம் அவருக்கு 10 லட்சம் ரூபாய் இழப்பீடு தரச் சொன்னது.

அதற்குப் பிறகும் 2024 பிப்ரவரியில் மும்பையில் ஒரு துயரம் நடந்தது. நியூயார்க்கிலிருந்து வந்து இறங்கிய முதிய தம்பதிக்குக் கிடைத்தது ஒரே ஒரு வீல்சேர். இன்னொன்று வரும்வரை காத்திருக்கச் சொன்னதாக நிறுவனம் பின்னர் விளக்கியது. மனைவி நாற்காலியில் போக, 80 வயதுக் கணவர் கூடவே நடந்தார். குடியேற்றச் சோதனைப் பகுதியில் சுருண்டு விழுந்தவர் பிழைக்கவில்லை. விமானப் போக்குவரத்து இயக்குநரகம் 30 லட்சம் ரூபாய் அபராதம் விதித்தது. போதுமான வீல்சேர்களை வைத்திருக்கும்படி எல்லா நிறுவனங்களுக்கும் எழுதியது.