முண்டாசும் மீசையும் மட்டும்தானா?



நம் புதுச்சேரிக் கடற்கரைச் சாலையில் மாலை வேளையில் கொஞ்ச நேரம் நின்றால், இளைஞர்களின் டீ-ஷர்ட்டில் இரண்டு முகங்கள் கண்ணில் படும். ஒன்று சே குவேரா, மற்றொன்று நம் பாரதி. இரண்டுமே ஒன்றிரண்டு மையில் அச்சானவை. புகைப்படமாக இருந்த முகங்கள் எப்படி இப்படி ஆயின?

டீ-ஷர்ட்டில் ஸ்கிரீன் பிரிண்டிங் செய்யும்போது ஒவ்வொரு நிறத்துக்கும் தனித் திரை வேண்டும். நிறம் கூடக்கூடச் செலவும் கூடும். ஆகவே படத்தில் உள்ள பலவகைச் சாம்பல் நிழல்களைக் கறுப்பு, வெள்ளை என்று இரண்டே பங்காகப் பிரித்துவிடுவார்கள். வெள்ளைக்குத் துணியே போதும். கன்னத்து மென்னிழல் மறையும். மீசை, புருவம், தொப்பி போன்றவை நிற்கும்.

1960 மார்ச் 4 அன்று, லா கூப்ர் என்ற பிரெஞ்சு சரக்குக் கப்பல் ஹவானா துறைமுகத்தில் வெடித்துப் பலர் மாண்டார்கள். மறுநாள் இரங்கல் கூட்டத்தில் ஆல்பர்ட்டோ கோர்டா எடுத்த படம்தான் சேயின் அந்த முகம். மூலப் படத்தில் ஒரு பக்கம் இன்னொருவரின் முகமும் மறுபக்கம் மரத்தின் ஓலையும் உண்டு. கோர்டா இரண்டையும் வெட்டினார். 1968இல் அயர்லாந்து ஓவியர் ஜிம் ஃபிட்ஸ்பாட்ரிக் அதைச் சிவப்புப் பின்னணியில் கறுப்பு முகமாக்கினார். தொப்பி நட்சத்திரத்துக்கு மட்டும் மஞ்சள். உலகம் முழுக்கப் பரவியது. ஆனால் அது ஒரு துக்க நாளின் முகம் என்பது சட்டையில் இல்லை.

இனி பாரதி. 1908 முதல் 1918 வரை பத்தாண்டுகள் இங்கே வாழ்ந்தார். தமிழ் இதழியலில் கேலிச்சித்திரத்துக்கு வழிவகுத்தவர் அவர். ‘இந்தியா’ இதழைப் புரட்டினால் தெரியும். கோடுகளைக் கொண்டே ஒரு கருத்தை மனதில் தைக்க வைக்கலாம் என்று அறிந்தவர், பின்னாளில் தாமே கோட்டுச் சித்திரமானார்!

அவருடைய புகைப்படங்கள் நமக்குக் கிடைத்தவை மிகச் சிலவே. அவற்றுள் புதுச்சேரியில் எடுத்த படத்தில் செல்லம்மாவும் இருக்கிறார். பிற்காலத்தில், 1932இல் சென்னைக் கோட்டைக் கொடிமரத்தில் ஏறித் தேசியக் கொடி பறக்கவிட்ட ஆர்யா என்ற பாஷ்யம், பாரதியை ஓவியமாகத் தீட்டினார். வீடுகளிலும் பள்ளிகளிலும் பார்த்துப் பழகிய முண்டாசு முகம் அப்படி நிலைத்தது. டீ-ஷர்ட்டுக்கு வரும்போது முண்டாசு, கண், மீசை, ஒரு சிவப்புப் பொட்டு போதும் என்றாகிவிட்டது. யார் என்று சின்னக் குழந்தையும் சொல்லும். ஆனால் வறுமையிலும் அந்தக் குடும்பத்தைக் கட்டிக்காத்த செல்லம்மா அதில் இல்லை.

இதைக் குறையாகச் சொல்லவில்லை. நிறத்தைக் குறைத்தால் எதையாவது விட்டுத்தான் ஆக வேண்டும். எதை விடுகிறோம் என்று தெரிந்து விட வேண்டும், அவ்வளவுதான்.

நம் மாணவர்கள் சிலர் இந்த ஆண்டுக் கூடுகைக்காகப் பழைய வகுப்புப் படத்தை டீ-ஷர்ட்டில் போடப் போகிறார்களாம். மூன்று நிறம்தான் முடியும், ஆசிரியர் முகத்தை மட்டும் போடலாமா என்று கேட்கிறார்கள். வேண்டாம் கண்ணுகளா. முகம் தெளியாவிட்டாலும் பரவாயில்லை, மொத்த வரிசையையும் நிழலுருவமாகப் போடுங்கள். கடைசி வரிசையில் நின்றவனும் ‘இது நான்’ என்று விரல் வைத்துக் காட்ட ஓர் இடம் இருக்கட்டும்.

ஈஸ்வரன் தர்மராஜா கோயில் தெருவில் உள்ள பாரதி நினைவு இல்லத்துக்குப் பிள்ளைகளையும் ஒருமுறை அழைத்துப் போங்கள்.