கடலோரத்துப் பெயர்களும் கதைகளும்
அயர்லாந்து இடப்பெயர்ப் பதிவின் வரலாறு

அயர்லாந்தின் மேற்குக் கரையில், கானமாரா என்னும் பாறை நிலப்பகுதியில், ரவுண்ட்ஸ்டோன் என்றொரு சிற்றூர் உள்ளது. 'உருண்டைக் கல்' என்று பொருள்படும் இப்பெயர் ஆங்கிலம். அவ்வூரின் பழைய ஐரிஷ் பெயரோ 'க்லொக் ந ரோன்'. க்லொக் என்பது கல் அல்லது பாறை. ரோன் என்பது கடல்நாய். கடல்நாய்கள் ஏறிக் கிடக்கும் பாறை என்பதே மூலப்பெயர் தரும் பொருள். ஆங்கிலம் பேசியவர் 'க்லொக்' என்பதை மொழிபெயர்த்துக் கல் ஆக்கினர். 'ரோன்' என்பதைச் செவிவழி கேட்டு 'ரவுண்ட்' ஆக்கிவிட்டனர். பெயரின் ஒரு பாதி மொழிபெயர்ப்பு, மறுபாதி செவிப்பிழை. அந்தச் சிறு பிழையினூடே கடல்நாய்கள் முழுவதும் மறைந்துபோயின. அவ்விடத்தை முதன்முதலில் பெயரிட்டு அழைத்த மீனவன் எதைக் கண்டு அவ்வாறு அழைத்தானோ, அந்தக் காட்சியும் பெயரைவிட்டு நீங்கிற்று.

ஓர் இடப்பெயரை எழுதிவைப்பது வேறு, அதன் பொருளைக் காத்துவைப்பது வேறு என்பதற்கு இதனினும் தெளிவான சான்று வேண்டியதில்லை. கடந்த இரு நூற்றாண்டுகளில் ஐரிஷ் இடப்பெயர்களைப் பதிவு செய்தவர் பலர். அரசின் படைவீரர், மொழியறிஞர், தீவு மீனவர், பள்ளிச் சிறார், இங்கிலாந்திலிருந்து வந்து குடியேறிய ஓவியர் எனப் பல்வேறு கைகள் இப்பணியில் ஈடுபட்டன. அவர்கள் எதைப் பதிந்தனர், எதை விட்டனர் என்பதைச் சுருக்கமாக நோக்குவதே இக்கட்டுரையின் நோக்கம்.

புலவர் கையிலிருந்த நிலம்

அயர்லாந்தில் நிலத்தின் மிகச் சிறிய பிரிவுக்கு ஆங்கிலத்தில் 'டவுன்லாந்து' என்று பெயர். பெயரைக் கொண்டு அதனை நகரம் என்று எண்ணிவிடலாகாது. சில ஏக்கர் முதல் பல ஆயிரம் ஏக்கர் வரை பரந்த நிலக்கூறு அது. வீடே இல்லாத மலைச்சரிவும் ஒரு டவுன்லாந்து ஆகலாம். இத்தகைய கூறுகள் அறுபதாயிரத்துக்கும் மேற்பட்டவை நாடெங்கும் உள்ளன. ஒவ்வொன்றுக்கும் தனிப்பெயர் உண்டு. அதனுள் அடங்கிய வயல், கிணறு, பாறை, குடா ஆகியவற்றுக்கும் தனித்தனிப் பெயர்கள் உண்டு.

இப்பெயர்களின் காரணத்தைக் கூறும் கல்விக்குத் 'தின்ஹனகஸ்' என்று பெயர். இடங்களின் பழமரபுச் செய்தி என்று அதனைத் தமிழில் சொல்லலாம். அது உழவரும் மீனவரும் பேசிக் கழித்த ஊர்க்கதை மட்டுமன்று. இடைக்கால அயர்லாந்தில் புலவர் கற்றுத் தேறவேண்டிய துறைகளுள் ஒன்று. ஓர் இடத்தின் பெயரைச் சொன்னால் அதன் காரணக் கதையைச் செய்யுளில் கூற வல்லவனே தேர்ந்த புலவன் எனப்பட்டான். பன்னிரண்டாம் நூற்றாண்டைச் சேர்ந்த 'லீன்ஸ்டர் நூல்' என்னும் கையெழுத்துச் சுவடியில் இத்தகைய பாடல்களும் உரைநடைப் பகுதிகளும் தொகுக்கப்பட்டுள்ளன.

தென்கரையில், கார்க் மாவட்டத்துக் கிளாண்டோர் துறைமுகத்தை ஒட்டி வழங்கும் கதை ஒன்றை இங்குச் சுட்டலாம். க்லீனா என்பவள் தேவருலகிலிருந்து தன் காதலனோடு கடல் கடந்து வந்தாள். கரையில் இசை கேட்டு உறங்கிப்போனவளைப் பேரலை ஒன்று வந்து அடித்துச் சென்றது. அன்றுதொட்டு அந்தக் கரையில் முழங்கும் அலை 'க்லீனாவின் அலை' எனப்படலாயிற்று. அலைக்கு நில்லாத உருவம். ஆயினும் அதற்கும் ஒரு பெயர், பெயருக்கு ஒரு துயரம். இத்தகைய பெயரை எந்த அளவைச் சங்கிலியால் அளப்பது?

அளவைச் சங்கிலியும் பெயர் ஏடும்

1824ஆம் ஆண்டில் அயர்லாந்து முழுவதையும் அளந்து வரைபடமாக்கும் பணியைப் பிரித்தானிய அரசு தொடங்கிற்று. படைத்துறையைச் சேர்ந்த ஆர்ட்னன்ஸ் சர்வே என்னும் அளவை நிறுவனத்தின் பொறுப்பில், தாமஸ் கோல்பியின் தலைமையில் அது நடைபெற்றது. நில வரியைச் சீராக விதிப்பதற்கு டவுன்லாந்துகளின் எல்லையும் பரப்பும் தெரிந்தாக வேண்டும் என்பதே உடனடித் தேவை. ஒரு மைல் தொலைவை ஆறு அங்குலமாகக் காட்டும் பெரிய அளவில் படங்கள் வரையப்பட்டன.

இவ்வளவைக்கும் நமக்கும் ஒரு நேர்த் தொடர்பு உண்டு. வெப்பத்தால் உலோகம் நீள்வதனால் நேரும் பிழையைத் தவிர்க்கப் பித்தளையும் இரும்பும் இணைந்த அளவுச் சட்டங்களைக் கோல்பி உருவாக்கினார். 1827–28இல் அயர்லாந்தின் வடகரையில் லாஃப் ஃபாயில் என்னுமிடத்தில் அடிக்கோடு அளக்க அவை பயன்பட்டன. 1829இல் அயர்லாந்து சென்று இவற்றைக் கண்ட ஜார்ஜ் எவரெஸ்ட், இத்தகைய சட்டங்களை இந்திய அளவைக்கும் கொண்டுவந்தார். 1869இல் நிறைவுற்ற குமரிமுனை அடிக்கோடும் கோல்பியின் சட்டங்களாலேயே அளக்கப்பட்டது.

எல்லையை அளப்பது எளிதாயிற்று. பெயரை எழுதுவதே இடரானது. ஒரே இடத்தை நிலவுடைமையாளர் ஒருவாறும், பாதிரியார் வேறொருவாறும், வரி தண்டுவோர் இன்னொருவாறும் ஆங்கில எழுத்தில் எழுதிவந்தனர். இச்சிக்கலைத் தீர்க்க 1830இல் அமர்த்தப்பட்டவர் ஜான் ஓ'டொனவன். 1806இல் கில்கென்னி மாவட்டத்தில் பிறந்த அவர் பழைய ஐரிஷ் சுவடிகளில் ஆழ்ந்த பயிற்சி உடையவர். ஜார்ஜ் பெட்ரியின் மேற்பார்வையில் இயங்கிய ஆய்வுப் பிரிவில் அவருடன் யூஜீன் ஓ'கரியும் பின்னர்ச் சேர்ந்தார். கவிஞர் ஜேம்ஸ் கிளாரன்ஸ் மாங்கனும் அப்பிரிவில் படியெடுக்கும் பணியில் சில காலம் இருந்தார்.

ஓ'டொனவனின் முறை எளியது, உழைப்பு மிக்கது. முதலில் டப்ளினில் பழைய ஆவணங்களில் ஒரு பெயர் எவ்வெவ்வாறு வந்துள்ளது என்று திரட்டுவார். பின்னர் அம்மாவட்டத்துக்கே சென்று, ஐரிஷ் பேசும் முதியோர் வாயால் அப்பெயரைச் சொல்லக் கேட்பார். கேட்டதைப் 'பெயர் ஏடு' எனப்பட்ட குறிப்பேடுகளில் பதிவார். வரைபடத்தில் அச்சேறியது ஆங்கில எழுத்து வடிவமே எனினும், அதன் அருகே ஐரிஷ் மூலவடிவமும் ஏட்டில் எழுதப்பட்டது. அவர் ஊர் ஊராகச் சென்று எழுதிய கடிதங்கள் இன்றும் ஆய்வாளருக்குக் கருவூலமாக விளங்குகின்றன. 1839இல் ஆரன் தீவுகளுக்கும் அவர் சென்றார்.

இங்கு நடுநிலையோடு ஒன்றைக் கூறவேண்டும். 1980இல் பிரையன் ஃப்ரீல் அரங்கேற்றிய 'மொழிபெயர்ப்புகள்' என்னும் புகழ்பெற்ற நாடகம், படைவீரர் ஐரிஷ் பெயர்களை அழித்துப் புதுப்பெயர் சூட்டுவதைக் காட்டுகிறது. நாடகத்தின் வலிமை மறுக்கவியலாதது. ஆயினும் ஆங்கில வடிவங்களுட் பெரும்பாலானவை அளவைக்கு நெடுங்காலம் முன்னரே வழக்கில் இருந்தவை. அவற்றுள் ஐரிஷ் ஒலிக்கு நெருங்கிய வடிவத்தைத் தேர்வதே ஓ'டொனவன் செய்த பணி.

ஆயின் குற்றமே இல்லை என்றும் கூறவியலாது. ஐரிஷில் தேவாலயத்தைக் குறிக்கும் 'கில்' என்னும் சொல்லும், காட்டைக் குறிக்கும் 'க்வில்' என்னும் சொல்லும் ஆங்கில வடிவில் ஒன்றேயாகிவிடுகின்றன. வரைபடத்தை மட்டும் காண்பவனுக்கு அவ்விடத்தில் முன்பு இருந்தது தேவாலயமா, காடா என்பது விளங்காது. ஆரன் தீவுகளுட் பெரியதனை அத்தீவினர் 'ஆரன்' என்றே அழைத்துவந்தனர். 'பெரிய தீவு' எனப் பொருள்படும் இனிஷ்மோர் என்னும் பெயர் அளவையாளரின் ஆக்கம் என்றே கருதப்படுகிறது. தன்னூரைப் பெரியது என்று வேறுபடுத்திச் சொல்லும் தேவை அங்கு வாழ்பவனுக்கு இல்லை. படம் வரைபவனுக்கே அது உண்டு.

படத்தில் ஏறாத பெயர்கள்

1846இல் வரைபடத் தொகுதி நிறைவுற்றது. அதற்கு முந்திய ஆண்டிலேதான் உருளைக்கிழங்குப் பயிரை நோய் தாக்கிப் பெரும்பஞ்சம் தொடங்கியிருந்தது. 1841இல் எண்பது இலட்சத்தைக் கடந்திருந்த மக்கள்தொகை 1851இல் ஏறத்தாழ 65 இலட்சமாகச் சுருங்கிற்று. சுமார் பத்து இலட்சம் பேர் மாண்டனர். அதனினும் மிகுதியானோர் கடல் கடந்தனர். ஐரிஷ் மொழி பேசிய ஏழை மக்களையே, சிறப்பாக மேற்குக் கரையினரையே, பஞ்சம் மிகுதியாக வாட்டிற்று. ஓ'டொனவன் கேட்டு எழுதிய குரல்களுட் பல அடுத்த பத்தாண்டுக்குள் அடங்கிவிட்டன. அவர் சில ஆண்டு தாழ்த்திருந்தால் எழுதுவதற்கே ஆள் இருந்திரார்.

ஆயினும் வரிக்காக எழுந்த படம் வரிக்கு உதவாத பெயர்களைப் பெரிதும் நாடவில்லை. கடலோரத்தில் இக்குறை மிகுதி. அலைவாய்ப் பாறைகள், கடற்பாசி அறுக்கும் இடங்கள், படகு ஒதுங்கும் பிளவுகள், செங்குத்துப் பாறைமேல் அமர்ந்து தூண்டில் இடும் திட்டுகள் ஆகியவற்றுக்கெல்லாம் மீனவரிடம் பெயர் இருந்தது. கரையிலுள்ள பாறையும் அதற்குப் பின்னே தெரியும் மலைமுகடும் ஒரே நேர்கோட்டில் வரும்போது, படகின் கீழே மீன் மிகுந்த தளம் உண்டு என்பது அவர்கள் அறிவு. அந்தப் பாறையின் பெயரை மறந்தால் மீன்தளத்தைக் காணும் வழியும் மறந்துபோகும். பெயர் இங்கு அழகுக்காக வழங்கவில்லை. உணவுக்கும் உயிருக்கும் துணையாக வழங்கிற்று.

இவ்வறிவை உள்ளிருந்தே எழுதியவர் ஒருவர் உண்டு. தென்மேற்கே கெரி மாவட்டக் கடலில் உள்ள பெரிய பிளாஸ்கட் தீவின் மீனவர் தோமாஸ் ஓ க்ரிஹன், 1929இல் வெளியான 'தீவுக்காரன்' என்னும் தன்வரலாற்றால் புகழ்பெற்றவர். தம் தீவுக்கூட்டத்தின் இடப்பெயர்களையும் அவற்றின் செய்திகளையும் தனி நூலாகவும் எழுதினார். அது 1935இல் வெளிவந்தது. 1937இல் அவர் மறைந்தார். 1953 நவம்பரில் எஞ்சிய மக்களையும் அரசு பெருநிலத்துக்குக் குடிபெயர்த்தது. இன்று அத்தீவில் நிலையான குடியில்லை. அப்பாறைகளைப் பெயர் சொல்லி அழைப்பார் அங்கு வாழ்வதில்லை. எழுதிய நூல் மட்டும் இருக்கிறது.

அதே காலத்தில் நாடு தழுவிய முயற்சி ஒன்றும் நடந்தது. 1935இல் அமைந்த அயர்லாந்து நாட்டுப்புறவியல் ஆணையம், ஷேமஸ் ஓ டூலர்கா என்பாரின் வழிகாட்டலில், 1937 முதல் 1939 வரை தொடக்கப்பள்ளி மாணவரைக் கொண்டு ஊர்ச்செய்திகளைத் திரட்டிற்று. ஏறத்தாழ 5,000 பள்ளிகளைச் சேர்ந்த சுமார் 50,000 சிறுவர் சிறுமியர் தம் தாத்தா பாட்டியரிடமும் அண்டை வீட்டாரிடமும் கேட்டவற்றைப் பயிற்சி ஏடுகளில் எழுதினர். வயற்பெயர்கள், புனிதக் கிணறுகள், மூழ்கிய படகுகள் எனப் பலவும் அவற்றில் இடம்பெற்றன. ஆணையத்தின் தொகுப்பு முழுவதையும் 2017இல் யுனெஸ்கோ உலக நினைவுப் பதிவேட்டில் சேர்த்தது.

நடந்து கேட்டவர்

1972இல் டிம் ராபின்சன் என்னும் ஆங்கிலேயர் லண்டனைவிட்டு ஆரன் தீவில் வந்து குடியேறினார். கணிதம் கற்றவர், ஓவியர். தீவின் அஞ்சலகப் பெண்மணி, வருவோர்க்குப் பயன்படும் படம் ஒன்றை வரையலாமே என்றார். அச்சொல்லே அவர் வாழ்க்கைப் பணியாயிற்று. ஐரிஷ் மொழியைக் கற்றுக்கொண்டு, கரை முழுவதையும் காலால் நடந்து, ஒவ்வொரு பாறையின் பெயரையும் அதனைப் பயன்படுத்தும் மீனவரிடமே கேட்டு எழுதினார். 1975இல் ஆரன் படமும், 1977இல் பர்ரன் படமும், 1990இல் கானமாரா படமும் வெளிவந்தன. 1986இலும் 1995இலும் 'ஆரன் கற்கள்' என்னும் உரைநடை நூலின் இரு பாகங்களை வெளியிட்டார். 1984 முதல் அவர் நெடுங்காலம் வாழ்ந்த ஊர், இக்கட்டுரையின் தொடக்கத்தில் நாம் கண்ட க்லொக் ந ரோன். 2020இல் அவர் மறைந்தார்.

நூற்றைம்பது ஆண்டுக்கு முன் ஆங்கில அரசின் படை விட்டுச்சென்ற பெயர்களை ஓர் ஆங்கிலேயரே தேடி எழுதினார் என்பதை வரலாற்றின் விந்தை எனலாம். ஆனால் இருவருக்கும் உள்ள வேறுபாடு நாட்டினத்தில் இல்லை. முன்னவர் பெயரை எல்லைக்குள் அடைக்கவே கேட்டனர். பின்னவர் அப்பெயர் அங்கு எதனால் வந்தது என்று கேட்டார்.

பெயர் யாருடையது?

விடுதலை பெற்ற அரசும் இடப்பெயரில் அக்கறை காட்டிற்று. 1946இல் இடப்பெயர் ஆணையம் அமைந்தது. 2003ஆம் ஆண்டின் மொழிச் சட்டத்தைத் தொடர்ந்து, ஐரிஷ் வழங்கும் வட்டாரங்களில் ஐரிஷ் பெயரே சட்டப்படியான பெயர் என 2005 முதல் ஆயிற்று. கெரி மாவட்டத்துத் துறைமுக ஊரான டிங்கிள், 'அன் தங்கன்' ஆனது. 'கோட்டை' என்பது அதன் பொருள். நியாயமான மீட்பு என்றே எவரும் எண்ணுவர். ஊர் மக்களோ எதிர்த்தனர். ஐரிஷிலும் தம் ஊரின் முழுப்பெயர் 'தங்கன் ஈ ஹூஷ்', அதாவது ஹூசே குடியினர் கோட்டை, என்றனர். டிங்கிள் என்பதும் உலகறிந்த தம் பெயரே என்றனர். 2006இல் நடந்த வாக்கெடுப்பில் மிகப் பெரும்பான்மையோர் இரு பெயரும் வேண்டும் என்றனர். 2011இல் சட்டம் அதற்கேற்பத் திருத்தப்பட்டது. ஒரு பெயரை மக்களிடமிருந்து பறிப்பது எப்படித் தவறோ, கேளாமல் திருப்பிக் கொடுப்பதும் ஓரளவு அப்படியே என்பதை அவ்வூர் உணர்த்திற்று.

இவ்வரலாறு முழுவதையும் ஒருசேர நோக்கின் ஓர் உண்மை புலனாகிறது. எழுத்தில் ஏற்றியதனால் மட்டும் எந்தப் பெயரும் வாழ்ந்துவிடவில்லை. பிளாஸ்கட்டின் பெயர்கள் நூலில் உள்ளன, அழைப்பாரில்லை. ஆனால் எழுதாதிருந்தால் மீளும் வழியே அடைபட்டிருக்கும். ஓ'டொனவனின் ஏட்டில் ஆங்கில வடிவத்தின் அருகே ஐரிஷ் வடிவம் இல்லாதிருப்பின், பிற்காலத்தார் திரும்பிச் செல்ல ஒரு தடம் இராது.

பெயரும் அதன் காரணமும் ஒன்றாக இருந்த காலத்தில் அவற்றைக் காக்கும் பொறுப்பு அந்நாட்டில் புலவரிடம் இருந்தது. பின்னர் அது படைவீரரிடமும், அறிஞரிடமும், பள்ளிச் சிறாரிடமும் சென்றது. கவிஞர் கூடிப் பத்தாண்டு நிறைவைக் கொண்டாடும் இவ்வேளையில், அப்பொறுப்பு முதலில் யாருடையதாக இருந்தது என்பதை நினைந்துகொள்வது பொருத்தமுடையது. கடல்நாய்களின் பாறை, கேட்டவர் ஒருவரேனும் பொருளை வினவியிருந்தால், உருண்டைக் கல்லாகியிராது.