சம ஆசனம்

இலங்கைக் கத்தோலிக்கர் கல்வி வரலாற்றைப் பேசத் தொடங்கினால், பேச்சு பெரும்பாலும் 1960, 1961ஆம் ஆண்டுகளில் வந்து நின்றுவிடும். உதவி நன்கொடை பெற்ற பாடசாலைகளை அரசு பொறுப்பேற்றதும், பெற்றோர் பள்ளிக் கட்டடங்களுக்குள் புகுந்து இரவு பகலாகக் காவல் இருந்ததும் பலரால் எழுதப்பட்டுவிட்டன. அதற்கு முப்பது ஆண்டுகளுக்கு முன், அதே நன்கொடைப் பணத்தை முன்னிட்டு யாழ்ப்பாணத்தில் எழுந்த ஒரு வழக்கைப் பற்றி நாம் அவ்வளவாகப் பேசுவதில்லை.

1869இல் பொதுப் போதனைத் திணைக்களம் அமைந்த பின், மிஷன் பாடசாலைகளும் பிற்பாடு சைவப் பாடசாலைகளும் அரச நன்கொடையைக் கொண்டே வளர்ந்தன. அந்தப் பணம் எல்லோருடைய வரியிலிருந்தும் வந்தது. பனையேறுவோரும் வயலில் கூலிக்கு உழைத்தோரும் அதில் பங்கு செலுத்தியவர்களே. ஆயினும் அவர்களுடைய பிள்ளைகளுக்குப் பல பாடசாலைகளில் இடமில்லை. இடம் கிடைத்த இடத்திலும் வாங்கு இல்லை. மற்றவர்கள் வாங்கில் அமர, இவர்கள் தரையில் அமர்ந்தனர்.

இந்நிலையில், நன்கொடை பெறும் பாடசாலைகளில் எல்லா மாணவர்க்கும் சம ஆசனம் அளிக்கப்பட வேண்டும் என்று 1929இல் அரசு பணித்தது. ஒரு வாங்கின் விலை சொற்பம். அதன்மேல் எழுந்த சீற்றமோ பெரிது. தாழ்த்தப்பட்ட பிள்ளைகளைச் சேர்த்த பதின்மூன்று பாடசாலைகள் எரிக்கப்பட்டன என்று மானிடவியலாளர் பிரையன் ஃபாஃபன்பெர்கர் எழுதுகிறார். 1930இல், அக்கட்டளையை மீட்டுக்கொள்ளுமாறு உயர்சாதியினர் அரசுக்கு விண்ணப்பமும் செய்தனர். கல்வியைத் தெய்வமாகப் போற்றிய ஒரு சமூகம் பள்ளிக்கூடத்துக்குத் தீ வைத்தது என்பதை எளிதில் நம்ப மனம் வருவதில்லை.

கட்டளை கொழும்பிலிருந்து வந்தது. அதை நிறைவேற்ற வேண்டியவர் அந்தந்தப் பாடசாலையின் முகாமையாளரும் தலைமையாசிரியருமே. அவர்களுடைய இக்கட்டையும் எண்ணிப்பார்க்க வேண்டும். உயர்சாதிப் பெற்றோர் பிள்ளைகளை விலக்கிக்கொண்டால் மாணவர் தொகை குறையும்; கட்டணமும் நன்கொடையும் அதனோடு தேயும்; ஆசிரியர் சம்பளம் தடுமாறும். எனவே பாடசாலையைக் காப்பாற்றுகிறோம் என்ற நல்லெண்ணத்தோடேயே பலர் தரையைத் தரையாகவே விட்டுவைத்திருக்கலாம். மறைபரப்பாளரின் பாடசாலைகளும் இந்தச் சோதனைக்கு விலக்கானவை அல்ல. மறுபுறம், 1924இல் தோன்றிய யாழ்ப்பாண வாலிபர் காங்கிரசும், அதன் முன்னணியில் நின்ற ஆசிரியர் ஹண்டி பேரின்பநாயகமும் தீண்டாமையை வெளிப்படையாக எதிர்த்தனர்.

வாங்கு கிடைத்த பின்னும் இடைநிலைக் கல்வியின் வாயிலில் வேறொரு பூட்டு தொங்கியது. தாய்மொழிப் பாடசாலைகளில் கட்டணமில்லை. உத்தியோகத்துக்கு வழிகாட்டிய ஆங்கிலக் கல்லூரிகளிலோ கட்டணம் உண்டு. சாதி தடுக்காதவனை வறுமை தடுத்தது. அநேகரை இரண்டுமே தடுத்தன. கல்வி அமைச்சர் கன்னங்கராவின் குழு 1943இல் அளித்த அறிக்கையின்படி 1945இல் இலவசக் கல்வி நடைமுறைக்கு வந்தபோதுதான் அப்பூட்டு தளர்ந்தது. அத்திட்டத்தைத் திருச்சபைத் தலைமை எதிர்த்தது. பாடசாலைகளின் சமயத் தன்மை பறிபோகும் என்ற அச்சம் அதற்குண்டு. அச்சம் முற்றிலும் வீணானதென்று சொல்லமாட்டேன். ஆனால், கட்டணம் செலுத்த இயலாத கத்தோலிக்கப் பிள்ளையின் பக்கம் நின்று அந்த வாதத்தை வாசித்தால் அது வேறுவிதமாகவே ஒலிக்கிறது.

சாதியின் பேரால் ஒருவரைத் தடுப்பதைக் குற்றமாக்கிய சமூகக் குறைபாடுகள் ஒழிப்புச் சட்டம் வருவதற்கு 1957 வரை காத்திருக்க வேண்டியிருந்தது.

1927இல் யாழ்ப்பாணத்தில் பிறந்த எழுத்தாளர் டொமினிக் ஜீவா, சம ஆசனக் கட்டளைக்குப் பின்னரே பள்ளி சென்றவர். ஆசிரியர் ஒருவர் சாதியைச் சுட்டி உதிர்த்த சொல்லைப் பொறுக்கமாட்டாமல் இளமையிலேயே படிப்பை விட்டார். முடிதிருத்தும் தொழிலைச் செய்துகொண்டே படித்தார், எழுதினார். 1966இல் 'மல்லிகை' இதழைத் தொடங்கிப் பல பத்தாண்டுகள் நடத்தினார். பல்கலைக்கழகப் பேராசிரியர்களும் அதில் எழுதினார்கள்.