முளையை இடம் மாற்றியவர்கள்

சென்ற வருடம் எமது பள்ளிக்கூட விளையாட்டுப் போட்டியின் உடற்பயிற்சிக் கண்காட்சிக்கு இசை தேவைப்பட்டது. பத்தாம் வகுப்பு மாணவன் ஒருவன் தானே செய்து தருவதாகச் சொன்னான். சண்டிலிப்பாயில் எங்கள் வீட்டுக்கு நாலு ஒழுங்கை தள்ளி அவன் வீடு. தகப்பன் தவில் வாசிப்பவர். அவரது வாசிப்பில் ஒரு சிறு துண்டைத் தொலைபேசியில் பதிந்து, எப்.எல். ஸ்ரூடியோ என்ற மென்பொருளில் இட்டு, நாலு நிமிடத்துக்கு அதையே சுற்றவிட்டிருந்தான். முதல் அரை நிமிடம் உண்மையில் நன்றாயிருந்தது. பிறகு காது சலித்துவிட்டது. கதவடியில் நின்று கேட்ட தகப்பன், "மாஸ்ரர், இது நான் ஒருக்கா அடிச்சது. ரெண்டாந்தரம் இப்பிடியே அடிக்கமாட்டன்" என்று சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டார்.

அந்தப் பேச்சுத்தான் என்னை வரலாற்றுப் பக்கம் தள்ளியது. ஒரே துண்டைத் திரும்பத் திரும்ப ஒலிக்கச் செய்யும் இயந்திரம் கணினியோடு வந்த கேடு என்று நம்மவர் பலர் நினைக்கிறார்கள். நானும் நினைத்திருந்தேன். அதன் வேர் ஒன்பதாம் நூற்றாண்டுப் பக்தாதில் இருக்கிறது.

கலீபா மஃமூன் காலத்தில் பைத்துல் ஹிக்மாவோடு தொடர்புடைய பனூ மூஸா சகோதரர்கள் முஹம்மது, அஹ்மது, ஹஸன் ஆகிய மூவரும் தானே ஊதும் குழற்கருவி ஒன்றை விவரித்துள்ளனர். நீரின் விசையால் ஓர் உருளை சுழலும். அதில் பதித்த முளைகள் குழலின் துளைகளைத் திறந்து மூடும். உருளை ஒரு சுற்று முடிந்ததும் இராகம் மீண்டும் தலையிலிருந்து தொடங்கும். இன்று நாம் லூப் என்று சொல்வது இதைத்தான்.

அல்-ஜஸரியின் பெயர் இந்த ஏட்டின் வாசகருக்குப் புதிதல்ல. அர்துக்கிய அரசர்களிடம் தியார்பக்கிரில் பணியாற்றி, 1206இல் தமது இயந்திர நூலை முடித்தவர். அவரது நீர்க்கடிகாரங்களைப் பற்றி எழுதும் நாம் அவரது இசைப்படகைப் பற்றி அதிகம் எழுதுவதில்லை. அரச விருந்துகளில் தடாகத்தில் மிதக்கும் அந்தப் படகில் குழலூதும் பொம்மையும் யாழ் மீட்டும் பொம்மையும் பறையடிக்கும் பொம்மைகளும் இருந்தன. சுழலும் தண்டிலுள்ள முளைகள் நெம்புகோல்களைத் தட்ட, பொம்மைகளின் கைகள் அசையும். இங்கிலாந்தின் ஷெபீல்ட் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த நோவல் ஷார்க்கி இதன் மாதிரியொன்றைச் செய்து, முளைகளை இடம் மாற்றினால் தாளமும் மாறும் எனக் காட்டினார். என் மட்டில், தாளம் திரும்பி வருவதைவிட முளையை வேறிடத்தில் குத்தலாம் என்பதே பெரிய சங்கதி.

இடைப்பட்ட நூற்றாண்டுகளை வேகமாகத் தாண்டிவிடலாம். ஐரோப்பாவில் உருளை ஓர்கனும் இசைப்பெட்டியும் வந்தன. பத்தொன்பதாம் நூற்றாண்டின் கடைசியில் துளையிட்ட காகிதச் சுருளால் பியானோ தானாக வாசித்தது. இன்றைய மென்பொருளில் சுரங்களைத் திருத்தும் கட்டத்துக்கு 'பியானோ ரோல்' என்ற பெயர் அதிலிருந்து வந்ததுதான். 1948இல் பாரிசில் பியர் ஷேபர் இசைத்தட்டின் ஒரு வரியை மூடிய வட்டமாக்கி ஒரே ஒலியைச் சுற்றவிட்டார். 1983இல் மிடி என்ற பொது மொழி வந்ததும் கருவிகளும் கணினிகளும் ஒன்றோடொன்று பேசத் தொடங்கின. 1986இல் 'புன்னகை மன்னன்' படத்துக்கு இளையராஜா கணினியைப் பயன்படுத்தினார். 1992இல் ஏ.ஆர். ரஹ்மானின் முதற்படமான 'ரோஜா' வந்தது.

அந்நாளில் குடாநாட்டில் மின்சாரம் இல்லை. சைக்கிளைக் கவிழ்த்து வைத்து, மிதியைக் கையால் சுற்றி, டைனமோவில் கசெற் கேட்டு வளர்ந்தவர்கள் நாங்கள். கை சளைத்தால் பாட்டு இழுபடும். கணினி துல்லியமாக அடுக்கிக் கொடுத்த தாளத்தை எங்கள் கைகள் தினமும் கெடுத்துக்கொண்டிருந்தன!

பெல்ஜியத்திலிருந்து 1990களின் கடைசியில் 'புரூட்டிலூப்ஸ்' என்ற பெயரில் வந்து, 2003இல் பெயர் மாறியதுதான் மாணவனின் மென்பொருள். திறந்தவுடன் பதினாறு பெட்டிகள் தெரியும். அடிக்கு நாலு பெட்டி, நாலு அடி. சதுஸ்ர நடைக்கு அது அளவெடுத்துத் தைத்த சட்டை. ஆனால் தவிலுக்கு மூன்றும் ஐந்தும் ஏழும் ஒன்பதும் உண்டு. இணுவிலில் பிறந்து அளவெட்டியில் வாழ்ந்த தெட்சணாமூர்த்தி (1933–1975) அடித்த மண் இது. பதினாறு பெட்டிக்குள் அதை அடைப்பது மென்பொருளின் குற்றமல்ல. பெட்டிகளைக் கூட்டவோ குறைக்கவோ அதில் வழியிருக்கிறது. நம் பிள்ளைகள் தேடுவதில்லை.

இன்னொரு சிக்கலையும் அவனிடமே கற்றேன். ஒரு துண்டை இருபது இடத்தில் வைத்து, ஒன்றில் ஓர் அடியைத் திருத்தினால் இருபதிலும் அது மாறிவிடும். குறித்த ஒன்றை மட்டும் தனிப்படுத்தச் சொல்லிவிட்டுத்தான் தொட வேண்டும். அதன்பின் ஓர் அடியை எடுக்கலாம், சற்றுப் பிந்தவிடலாம், 0 முதல் 127 வரை அதன் பலத்தை மாற்றலாம். ஒரே விடயத்தை மூன்று விதமாகச் சொல்லாத பாடம் நிற்காது என்று ஆசிரிய கலாசாலையில் எங்களுக்குச் சொல்லித் தந்ததும் இதே சங்கதிதான்.

இதை எழுதுவதற்கு வேறொரு காரணமும் உண்டு. கோயில்கள் சிலவற்றில் பூசை நேரத்தில் மின்சார மேளம் அடிக்கிறது. சுவிச்சைப் போட்டால் மணியும் பறையும் ஒரே சீராக அதிரும். அதன் முளைகள் இறுகப் பூட்டப்பட்டவை. அல்-ஜஸரியின் தண்டைவிட அது பின்தங்கியது என்றே சொல்வேன். இதற்குள் தகப்பனுக்குக் கூப்பிடும் வீடுகள் குறைந்துவிட்டன. மகனுடைய நாலு நிமிடமும் அந்த மேளத்தின் தம்பியாகத்தான் முதலில் இருந்தது.

இரண்டு கிழமை அவனோடு இருந்தேன். பிள்ளைகள் எட்டெண்ணிக் கைகால் அசைக்க வேண்டும் என்பதால் விரல்கூட்டின் ஒலியைப் பதினாறிலேயே விட்டான். கழியின் ஒலியை மட்டும் இருபது பெட்டித் துண்டாக்கி மேலே அடுக்கினான். இரண்டும் எண்பது பெட்டிக்கு ஒருமுறை சேர்ந்து விழும். இடையில் சில துண்டுகளைத் தனிப்படுத்தி அடிகளைப் பிடுங்கினான்.

தகப்பன் மறுபடியும் கதவடியில் நின்று முழுதையும் கேட்டார்.

"மூண்டாஞ் சுத்திலை கடைசி அடியை ஆர் எடுத்தது?"

"நான்தான் அப்பா."

"எடுத்தது சரி. அடுத்ததைக் கொஞ்சம் பிந்தவிடு" என்று மேசையில் விரலால் தட்டிக் காட்டினார். அவன் மௌஸை நகர்த்தினான். "இல்லை, இன்னும் கொஞ்சம்."